ஐந்து கியரும் பின்னால்

சேர்மன் என்று அவரை யாரும் மரியாதைக்காக அழைக்கவில்லை. நோய் தேறுகிறவர்கள் வந்து தங்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவர் புல்வெட்டுகிறவர். ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற பழைய புல்வெட்டு டிராக்டர் ஒன்று அவர் வசம் இருந்தது. அதில் அவர் உட்காரும் தோரணையைப் பார்த்துச் சலவை அறைப் பெண்கள் வைத்த பெயர்தான் சேர்மன். பெயர் வைத்தவர்களில் அவர் மனைவியும் ஒருத்தி. அதை அவள் அவரிடம் சொன்னதில்லை.

தோரணைக்குக் காரணம் இருந்தது. பிறந்த வீட்டில் ஆட்கள் அதிகம், நாற்காலிகள் குறைவு. கடைக்குட்டிக்கு வாசற்படிதான் கிடைத்தது. வளர்ந்ததும் பெட்ரோல் பங்கில் நின்றார், துணிக்கடையில் நின்றார், இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து லிஃப்டில் நின்றார். லிஃப்டில் ஒரு முக்காலி இருந்தது, ஆனால் அது நோயாளிகளுக்கு. அப்புறம் ஸ்ட்ரெச்சர் தள்ளினார். தான் தள்ளுகிற வண்டியில் கால் ஒடிந்து படுத்திருப்பவரைப் பார்த்து, கொடுத்து வைத்த மனுஷன் என்று நினைத்துக்கொள்வார். கால் கடுக்க நிற்பது என்று எல்லோரும் வாய்க்கு வந்தபடி சொல்கிறார்கள், அந்தக் கடுப்பு எங்கே ஆரம்பித்து எங்கே ஏறும் என்பது அவருக்குத்தான் தெரியும். பழைய புல்வெட்டுக்காரர் ஓய்வு பெற்றபோது அந்த இருக்கை இவருக்கு வந்தது. பஞ்சு பிதுங்கிய இருக்கை. மழைக்கோட்டுத் துணியை வெட்டி அவரே உறை தைத்துப் போட்டார். உள்பக்கத்தை வெளிப்பக்கமாகத் தைத்துவிட்டார் என்பது வேறு விஷயம்.

வேறு விஷயம் என்ன, அதுதான் விஷயமே. அவர் கையில் ஒரு கோளாறு இருந்தது. எதைக் கழற்றினாலும் திருப்பித்தான் மாட்டுவார். அவர் பூட்டிய கதவு வெளியே திறக்கும், அவர் மாட்டிய குழாயில் சூடு என்று எழுதிய பக்கம் ஜில்லென்று வரும். மைத்துனனின் வீட்டுச் சமையலறை விசிறிதான் இதில் உச்சம். மைத்துனன் என்றால் மனைவியின் தம்பி, அதே ஆஸ்பத்திரியின் ஒர்க்ஷாப்புக்குப் பொறுப்பாளன், கை சுத்தமான மெக்கானிக். புகையை வெளியே தள்ளுகிற விசிறி ஒன்றை அவன் வாங்கி வைத்திருந்தான். அவன் வருவதற்குள் ஒரு உபகாரம் செய்யலாமே என்று இவர் மாட்டினார். அது வெளிக்காற்றையெல்லாம் உள்ளே இழுத்து, தட்டில் இருந்த மாவை வாரி, வந்திருந்த விருந்தாளிகளின் முகத்தில் அப்பியது. "அத்தான் கையில ஸ்பேனர் குடுக்கறதும் குரங்கு கையில பூமாலை குடுக்கறதும் ஒண்ணுதான்" என்றான் மைத்துனன். எல்லோரும் சிரித்தார்கள். சேர்மன் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டார்.

அன்றோடு பேச்சு நின்றது. வருஷங்கள் ஓடின. ஒரே வளாகம், ஒரே கேன்டீன், இவர் சாம்பல் நிற மேஜை என்றால் அவன் பச்சை நிற மேஜை. நடுவில் மாட்டியவள் அவர் மனைவிதான், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. "உங்க அத்தானுக்கு ஜுரம்டா" என்று தம்பியிடம் சொன்னால், "டாக்டருக்கா பஞ்சம் இங்க?" என்பான். "தம்பி உங்களை விசாரிச்சான்" என்று இவரிடம் சொன்னால், "அவன் விசாரிக்கலன்னு எனக்குத் தெரியும்" என்பார். இரண்டும் உண்மை என்பதால் அவளால் மேற்கொண்டு பேச முடியாது.

ஆஸ்பத்திரியின் புல்வெளி சரிவானது. மேலே நோயாளிகளின் வராந்தா, கீழே சலவைத் துணி காயும் கொடிகள், அதற்கும் கீழே மேலாளரின் ஜன்னல். ஒருநாள் காலை டிராக்டரின் பிரேக் போய்விட்டது. மிதித்தார், மிதி தரையைத் தொட்டது, வண்டி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மூன்றாவது கியரும் தானாகக் கழன்றுகொண்டது. ஈரப் படுக்கை விரிப்புகளுக்குள் புகுந்து, நான்கைந்தைப் போர்த்திக்கொண்டு, மேலாளரின் ஜன்னலுக்கு வெளியே இருந்த செடிவேலியில் போய் நின்றார். வெள்ளைத் துணி போர்த்திய உருவம் ஒன்று ஜன்னலுக்கு நேரே வந்து உட்கார்ந்ததும் மேலாளர் கையிலிருந்த டீயைத் தன் சட்டைக்கே கொடுத்துவிட்டார்.

"பாதுகாப்பு அதிகாரி பரிசோதனைக்கு வர்றாங்க" என்றார் மேலாளர், சட்டையைப் பிழிந்துகொண்டே. "அதுக்குள்ள பிரேக்கும் கியரும் சரியாகணும். இல்லன்னா வண்டி பழைய இரும்புக்கு, புல்லு கான்ட்ராக்டுக்கு, நீங்க வாசல் கேட்டுக்குக் காவலுக்கு."

கேட்டில் நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் தூங்குவார்கள் என்பது மேலாளரின் கொள்கை. சேர்மனுக்கு அந்த ஒரு சொல்லிலேயே குதிகால் வலித்தது.

"ஒர்க்ஷாப்ல விடுங்க. உங்க மச்சான்தானே?"

"நானே பண்ணிடுவேன் சார்."

"தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் சார்" என்றார் சேர்மன். அந்த வளாகத்தில் அதைவிடப் பெரிய பொய் அதுவரை சொல்லப்பட்டதில்லை.

பிரேக் சுலபமாக முடிந்தது. கியர்பாக்ஸுக்கு வெளியே, வலது பக்கம், ஒரு இரும்புத் தட்டு சுற்றும். அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்க இரண்டு பிரேக் கட்டைகள். ஒன்று தேய்ந்து பிஸ்கட் கனத்துக்கு வந்திருந்தது. மற்றது இருந்த இடத்தில் துரு மட்டும் இருந்தது. துருவைச் சுரண்டி, புதுக் கட்டைகளை வைத்து, நட்டை இறுக்கி, சரிவில் நிறுத்திப் பார்த்தார். ஆணி அடித்தது போல் நின்றது. எப்படித் திருப்பி வைத்தாலும் ஒரே மாதிரி இருக்கிற சாமான் அது, அதனால் தப்பித்தார். ஆனால் அவருக்கு அது தெரியாதே. தன் கைக்குப் பிடித்திருந்த சனி விட்டது என்று நினைத்துக்கொண்டு கியர்பாக்ஸைக் கழற்றினார்.

இந்தத் தடவை அவர் உண்மையிலேயே ஜாக்கிரதையாக இருந்தார், அதைச் சொல்லாவிட்டால் பாவம். ஜாக்கி கொடுத்துப் பின்சக்கரங்களைக் கழற்றி, பெல்ட்டை உருவி, பெட்டியைக் கொட்டகைத் தரையில் இறக்கினார். சலவை அறை கழித்துப்போட்ட விரிப்பு ஒன்றை விரித்தார். உள்ளே தார் போல் கிரீஸ். ஒவ்வொரு சாமானையும் துடைத்து, பெட்டிக்குள் இடப்பக்கம் இருந்தது விரிப்பில் இடப்பக்கம், வலப்பக்கம் இருந்தது வலப்பக்கம் என்று அச்சு அசலாக அடுக்கினார். கியரைப் பிடித்து நிறுத்துகிற சின்ன இரும்புத் துண்டுகள் முனை மழுங்கிக் கிடந்தன. அதனால்தான் கழன்றிருக்கிறது. அவற்றை மாற்றினால் போதும். மற்றதெல்லாம் எடுத்த இடத்திலேயே திரும்பப் போக வேண்டும். பெருமூச்சு விட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

அப்போதுதான் மனைவி சாப்பாட்டு டப்பாவோடு வந்தாள்.

அந்த ஆஸ்பத்திரியின் விரிப்புகளில் ஓரமாக ஒரு நீல முத்திரை இருக்கும். அது எப்போதும் கால்மாட்டில்தான் வர வேண்டும், தலைமாட்டில் வந்தால் சலவை அறைக்கு வசவு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் விரிப்பு விரிக்கிறவள். வீட்டில் முத்திரை இல்லாத விரிப்பைக்கூட நாலு முனையும் பார்த்துத்தான் விரிப்பாள். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். டிராக்டரின் தலை ஜன்னல் பக்கம் இருந்தது. விரிப்பின் முத்திரையும் ஜன்னல் பக்கம் இருந்தது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, விரிப்பின் முனைகளைப் பிடித்து, வழவழப்பான சிமென்ட் தரையில் அங்குலம் அங்குலமாக இழுத்து, முத்திரை வாசல் பக்கம் வரும்படி முழுசாகத் திருப்பிவிட்டாள். ஒரு வாஷர் அசையவில்லை. நோயாளி படுத்திருக்கும்போதே விரிப்பு மாற்றுகிற கைகள் அவை. திருப்தியோடு போய்விட்டாள்.

சேர்மன் வந்தார், சாப்பிட்டார், மாட்டினார். எஞ்சினிலிருந்து இறங்குகிற சின்னப் பல்சக்கரத்துக்கு இடது பக்கம் உட்கார வேண்டிய பெரிய பல்சக்கரம் வலது பக்கம் போய் உட்கார்ந்தது. பக்கம் மாறினால் அது சுற்றும் திசையும் மாறும். எந்தப் பக்கமும் பொருந்துகிற மாதிரி அதைச் செய்து வைத்த புண்ணியவான் யாரோ. மூடி, பூட்டி, சக்கரம் மாட்டி, ஏறி உட்கார்ந்து முதல் கியரைப் போட்டார். வண்டி பின்னால் போய்க் கொட்டகைச் சுவரை முட்டியது. இரண்டாவது போட்டுப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் வேகமாக முட்டியது. வெளியே கொண்டுவந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். ஐந்து கியரும் பின்னால் போயின. ரிவர்ஸ் என்று எழுதியிருந்த ஒன்றைப் போட்டால் மட்டும் ஆமை வேகத்தில் முன்னால் போனது.

பொழுது சாய்ந்துவிட்டது. அதிகாரி காலையில் வருகிறாள்.

வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "இந்தத் தடவை எல்லாத்தையும் பார்த்துப் பார்த்துத்தான் வச்சேன்" என்றார்.

"நானும் பார்த்தேனே. முத்திரை மட்டும் தலைமாட்டுல இருந்துச்சு. திருப்பிப் போட்டுட்டேன்" என்றாள் அவள். "ஒரு வாஷர்கூட அசையல."

சேர்மன் அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. கத்தலாம் என்றுதான் வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் ஒரு பிடி சோற்றைப் போட்டுக்கொண்டார். விஷயம் தெரிந்ததும் அவளே அழுதாள். "தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்றேங்க. விடியறதுக்குள்ள மாத்திக் குடுத்துருவான்."

"கேட்ல நிக்கறேன். அவன் முன்னாடி நிக்க மாட்டேன்."

மறுநாள் அதிகாரி வந்தாள். கண்ணாடி போட்ட, நிதானமான அம்மாள், எதைப் பார்த்தாலும் ம் என்பாள். மேலாளர் பக்கத்தில் நின்றார். ஒர்க்ஷாப் பொறுப்பாளன் என்ற முறையில் மைத்துனனும் வர வேண்டியிருந்தது. அவன் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். "ஓட்டுங்க" என்றாள் அதிகாரி.

ஓட்டினார். கழுத்தைத் திருப்பி, முதுகை முன்னே விட்டு, சரிவில் பின்னாலேயே இறங்கினார். பின்னாலேயே ஏறினார். நடுச்சரிவில் பிரேக்கை மிதித்தார், நின்றது. மேலாளரின் முகம் சுண்டைக்காய் ஆயிற்று. மைத்துனன் ஆகாயத்தை விட்டுவிட்டு வண்டியைப் பார்த்தான். அவனுக்கு ஒரு பார்வை போதும். எந்தச் சக்கரம் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்பது பெட்டியைத் திறக்காமலே தெரிந்துவிட்டது.

"இது ஏன் பின்னாடி போகுது?" என்றாள் அதிகாரி.

"அதை நம்ம ஒர்க்ஷாப்காரர் சொல்லுவார்" என்று மேலாளர் தள்ளிவிட்டார்.

சேர்மன் இருக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தப்பா மாட்டியிருக்காங்க என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல அவனுக்கு எல்லா உரிமையும் உண்டு. மாவு முகங்கள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன.

மைத்துனன் தொண்டையைச் செருமினான். "மேடம், இது அந்த மாதிரி வண்டி. டிரைவர் வெட்டப்போற புல்லைப் பார்க்கக் கூடாது, வெட்டின புல்லைப் பார்க்கணும். அப்பதான் எங்கே விட்டுப்போச்சுன்னு தெரியும்."

"அப்போ எதிர்ல எது வருதுன்னு எப்படித் தெரியும்?"

"அதுக்குத்தான் மேடம் பிரேக்கு."

அதிகாரி குனிந்து பிரேக் மிதியைப் பார்த்தாள். அவள் பார்க்க வந்தது பிரேக்கைத்தான். "ம்" என்றாள். வண்டி தேறியது.

கீழே இறங்கி ஏதாவது சொல்லலாம் என்று சேர்மன் நினைப்பதற்குள் மைத்துனன் போய்விட்டான். சொல்லியிருந்தாலும் என்ன சொல்லியிருப்பார்? உபகாரம் வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பது, உபகாரம் வாங்காமல் பேசாமல் இருப்பதைவிட எவ்வளவோ கஷ்டம். தெரிந்த ஒரே வழியில் நன்றி சொன்னார். ஒர்க்ஷாப் வாசலில் இருந்த புல்லை மட்டும் இரண்டு தடவை வெட்டினார். அங்கே கடைசியில் மண்தான் மிஞ்சியது.

வண்டியை ரகசியமாகச் சரிசெய்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மேலாளர் எல்லோரிடமும் சொல்லித் தீர்த்துவிட்டார். "பின்னோக்கிச் செல்லும் வண்டி. இதுவே சரியான முறை" என்று ஒரு பலகையும் நட்டார். வராந்தாவில் நோயாளிகள் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். சேர்மனின் கழுத்து வலப்பக்கமாகவே இறுகிவிட்டது. மனைவியின் அலங்காரக் கண்ணாடியைக் கழற்றி ஸ்டீயரிங் பக்கத்தில் கட்டிக்கொண்டார். அதைத் தலைகீழாகக் கட்டிவிட்டதால் அதன் ரோஜாப்பூ வேலைப்பாடு கீழே வந்தது. அவள் எவர்சில்வர் தட்டைப் பார்த்துத் தலை வாரினாள். விரிப்பைத் திருப்பிய பாவத்துக்கு இது பரிகாரம் என்று நினைத்திருப்பாள்.

இப்படியே போயிருக்கும். மேலாளர்தான் சும்மா இருக்கவில்லை. மூடப்போகிற ஹோட்டல் ஒன்றிலிருந்து அதே மாதிரி இன்னொரு பழைய டிராக்டரை வாங்கிக்கொண்டு வந்தார். வந்து, ஒரு ரவுண்டு ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, இடிந்துபோனார்.

"நல்லா ஏமாத்திட்டாங்க" என்றார். "அஞ்சு கியரும் முன்னாடி போகுது. ஒர்க்ஷாப்ல சொல்லுங்க, நம்ம வண்டி மாதிரி சரிபண்ணணும். அடுத்த வாரம் அந்த அம்மா திரும்ப வர்றாங்க."

அன்று மத்தியானம் மைத்துனன் கொட்டகை வாசலில் வந்து நின்றான். முகம் வெளிறியிருந்தது.

"அத்தான், புது வண்டி முன்னாடி போகுது."

அத்தனை வருஷத்துக்கு அப்புறம் அவன் இவரிடம் பேசிய முதல் வாக்கியம் அது. "கேள்விப்பட்டேன்" என்றார் சேர்மன்.

"ரெண்டும் ஒரே வண்டி. ஒண்ணு முன்னாடி போயி ஒண்ணு பின்னாடி போனா அந்தம்மா என்னைத்தான் கேப்பாங்க. அதிகாரிகிட்டப் பொய் சொன்னேன்னு என் வேலை போயிரும்."

இருவரும் சேர்ந்து புது வண்டியின் கியர்பாக்ஸைக் கீழே இறக்கினார்கள். மைத்துனன் பெரிய பல்சக்கரத்தை எடுத்துத் தப்பான பக்கம் போடப் போனான். போட்டு, மூடி, கையால் சுற்றிப் பார்த்தான். சக்கரம் சரியான பக்கமே உட்கார்ந்திருந்தது. மறுபடி பிரித்தான், மறுபடி போட்டான், மறுபடியும் சரியாகவே இருந்தது. அவன் கை அவன் பேச்சைக் கேட்கவில்லை. இத்தனை காலம் சரியாகவே போட்ட கை, கண் சொல்வதற்கு முன்னால் அதுவாகவே திருப்பிக்கொண்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான்.

சேர்மன் அவனைப் பார்த்தார். தன் இருக்கைக்காக ஒரு பொய் சொன்னவன் இப்போது வேலை போகுமென்று தரையில் உட்கார்ந்திருக்கிறான். கையைத் துடைத்துக்கொண்டு நேரே மேலாளரின் அறைக்குப் போனார்.

"சார், அந்த வண்டி பின்னாடி போறது என் தப்பு. நான் கியரைத் திருப்பி மாட்டிட்டேன். மச்சான் எனக்காகத்தான் அப்படிச் சொன்னான். அவனை ஒண்ணும் பண்ணாதீங்க. என்னைக் கேட்டுக்கு அனுப்பிடுங்க."

சொல்லி முடித்தபோது அவருக்கு இப்போதே இரண்டு காலும் வலித்தன. ஆனாலும் நின்றார்.

மேலாளர் பேனாவை மூடி வைத்தார். "பாருங்க, அவர் டெக்னிக்கலா விளக்கம் குடுத்திருக்கார். அதிகாரியே ஒத்துக்கிட்டாங்க. அவரைவிட உங்களுக்குத் தெரியுமா? உங்களுக்கும் அவருக்கும் ஆகாதுன்னு ஆஸ்பத்திரி பூரா தெரியும். அந்தக் கோபத்துல அவரைப் பொய்யர்னு சொல்ல வந்திருக்கீங்க. அசிங்கமா இல்ல? போங்க, போய் அவருக்கு ஒத்தாசையா இருங்க."

திரும்பி வந்தபோது மைத்துனன் வாசலிலேயே நின்றான். எங்கே போய்விட்டு வருகிறார் என்று அவனுக்குப் புரிந்திருந்தது.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். நம்பல. உன்மேல பொறாமையாம் எனக்கு."

மைத்துனனுக்கு உதடு கோணியது, சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை. பல்சக்கரத்தை எடுத்து அவர் கையில் வைத்தான். "எனக்குக் கை வரல அத்தான். நீங்க போடுங்க."

சேர்மன் குனிந்து போட்டார். யோசிக்கக்கூட இல்லை. மூடி, பூட்டி, சக்கரம் மாட்டி, பெல்ட்டைக் கோத்து, சரிவில் கொண்டுபோய் முதல் கியரைப் போட்டார்கள். புது வண்டி அழகாகப் பின்னால் போனது. ஜன்னல் வழியாக மேலாளர் தலையை நீட்டி, "இப்பதான் சரியா இருக்கு. யார் பண்ணது?" என்று கேட்டார்.

"அத்தான்தான் சார்" என்றான் மைத்துனன்.

"பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டு மேலாளர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

இருவரும் புல்லில் நின்றார்கள். "தப்பா மாட்டி நல்ல பேர் வாங்கறதை இப்பதான் பார்க்கறேன்" என்றான் மைத்துனன்.

"நான் நல்ல பேர் வாங்கறதையே இப்பதான் பார்க்கறேன்" என்றார் சேர்மன்.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது மைத்துனனுக்குத் தெரிந்தது. அவர் பக்கம் நெருங்கி நின்றுகொண்டான்.